முயல் கொட்டகையில் அவள் கேட்டது

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. சுகன்யா ஏன் போனை எடுக்கவில்லை என்று மூன்று நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறாய். "நீ ஏதாச்சும் சொன்னியாம்மா" என்று நேற்றுக் கேட்டாய். "நான் என்னத்தச் சொல்லப்போறேன்" என்று வைத்துவிட்டேன். அது பொய். சொன்னேன். ஆவணியில் உன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது நான் அவளுக்குச் சொன்ன பதிலில்தான் இப்போது நிற்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே. கோபமாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு சாயங்காலம் உனக்குப் பிடித்த குழம்பு வைத்திருப்பேன். இது அருவருப்பு. திட்டினால் தீர்கிற சமாச்சாரமாக இல்லை.

அருவருப்பு என்று நான் லேசில் சொல்கிறவள் இல்லை, உனக்கே தெரியும். முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக நின்றவள். சர்க்கரைப் புண்ணில் அழுகின காலைக் கட்டுப்பிரித்துக் கழுவிவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, அதே கையால் டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டிருக்கிறேன். மண்டைக்குள் புழு வைத்து வந்த தெருவோரத்துக் கிழவனுக்கு ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துப்போட்டேன், முகம் சுளித்ததில்லை. ஊனையும் சீழையும் பார்த்து எனக்குக் குமட்டாது. ஆனால் போன வாரம் அகரத்தில் உன் முயல் கொட்டகைக் கதவைத் திறந்ததும் வெளியே ஓடிவந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். "என்னக்கா, வெயிலு ஒத்துக்கிரலயா" என்றாள். வெயில் இல்லை. உன்னைப் பெற்றவள் நான் என்ற நினைப்புதான் ஒத்துக்கொள்ளவில்லை.

பெங்களூருக்குக் கிளம்பும்போது என்ன சொன்னாய்? "பதினஞ்சு நாள்தாம்மா. எல வந்துரும், தண்ணி ஊத்துனா போதும், வேற ஒண்ணும் பாக்க வேணாம்." விற்பனைப் பயிற்சிக்குப் போகிறேன் என்றாய். எதை விற்க? கூண்டுகளில் என்ன கிடந்தது என்று சொல்கிறேன், கேள். வெள்ளை வெளேர் என்று வீடியோவில் காட்டுவாயே, அந்த ரோமம் ஒரு முயலிலும் இல்லை. மூத்திரமும் புழுக்கையும் ஊறி, மஞ்சளும் கறுப்புமாய்ச் சடை பிடித்து, பழைய கோணிச் சாக்கை வெட்டி வயிற்றோடு ஒட்டியது மாதிரி இருந்தது. காலை நகர்த்தினால் சடை தோலை இழுக்கிறது, வலிக்கிறது, அதனால் அசையாமல் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. நீ "எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க" என்று சொன்னாயே, அதுதான் அந்தச் சாது. கம்பி வலையிலேயே நின்று நின்று பின்னங்கால் பாதத்தில் தோல் போய்ப் புண். நகம் வளர்ந்து வளைந்து கிடக்கிறது. ஒன்றைத் தூக்கித் திருப்பினேன். வாலுக்குக் கீழே சடையை விலக்கினால் அரிசியைக் கொட்டியது போலப் புழு. அது உயிரோடு இருக்கிறது, தம்பி. என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது. மூலைக் கூண்டில் இரண்டு செத்துக் கிடந்தன. நீ கிளம்பின பிறகு செத்தவை இல்லை. எத்தனை பிணத்தைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா. அவை அங்கே கிடக்கும்போதுதான் நீ கதவைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறாய்.

இருபதை வாங்கி வந்தாய். இன்றைக்கு இருப்பது ஒன்பது.

இதில் என் பங்கும் இருக்கிறது. அதை மறைத்து உன்னை மட்டும் நாறடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ரோமத்துக்கென்று வளர்க்கிற அந்த அங்கோரா முயல்களைக் கொடைக்கானல் மலையிலிருந்து நீ கொண்டுவந்தது கார்த்திகையில். அப்போது இங்கேயும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. உனக்கு முயல் கொடுத்த அந்த மலைக்காரர் உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னார், நானும் பக்கத்தில் நின்றேன். கீழே கொண்டுபோனால் வெயில் தாங்காது, ரோமம் கம்பளி போர்த்தின மாதிரி, வேர்க்கத் தெரியாத பிராணி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவ்வளவுதான் என்றார். வாரத்துக்கு இரண்டு தரம் சீப்பால் வாரவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரோமத்தை வெட்டியே ஆகவேண்டும், வெட்டாமல் விட்டால் அது தன்னையே நக்கி நக்கி ரோமத்தை விழுங்கிவிடும், பூனை மாதிரி கக்கத் தெரியாது, வயிற்றில் உருண்டையாக அடைத்துச் செத்துப்போகும் என்றார். காய்ந்த புல் எந்நேரமும் முன்னால் கிடக்கவேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். நீ தலையை ஆட்டிக்கொண்டே அவருடைய முயலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். நான் ஒரு நர்ஸ், டாக்டர் சொல்லும் மாத்திரைக் கணக்கை ஒரு தடவை கேட்டால் மறக்காதவள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தும் நீ அகரத்தில் சிமெண்ட் ஷீட் போட்டுக் கொட்டகை கட்டியபோது வாயைத் திறக்கவில்லை. பையன் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து ஏதோ ஒன்றில் ஆசையாக இறங்கியிருக்கிறான், குறுக்கே பேசக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய கூத்து மாட்டுப்பொங்கல். அது முழுக்க முழுக்க நான் செய்தது. ஊரில் எல்லாரும் மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிறார்கள், நம்மிடம் மாடு இல்லை, இந்த வாயில்லாத ஜீவன்களுக்குச் செய்தால் என்ன என்று எனக்குத்தான் தோன்றியது. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்து, ஷாம்பூ போட்டு, ஒவ்வொன்றாக முக்கி எடுத்து, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கழுத்தில் செவ்வந்திப்பூச் சரம் போட்டு வரிசையாக உட்கார வைத்தேன். நீ வீடியோ எடுத்தாய். எத்தனையோ பேர் பார்த்தார்கள் என்று குதித்தாய். அங்கோராவைக் குளிப்பாட்டக்கூடாது. நனைந்த ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, காயும்போது பாயாக இறுகிவிடும். அடியில் ஈரம் இரண்டு நாளானாலும் காயாது. அந்த வாரமே மூன்று செத்தன. "ஏதோ நோய்ம்மா" என்றாய். நோய் இல்லை, நான்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த இறுகின சடையை அன்றைக்கே உட்கார்ந்து வெட்டி எடுத்திருந்தால் மிச்சம் பிழைத்திருக்கும். நான் சொல்லவில்லை. சொன்னால் அம்மா செய்த தப்பு வெளியே வருமே. நீயும் செய்யவில்லை. அந்தச் சடைக்கு மேலேதான் இந்த நாலு மாசத்து அசிங்கமும் ஏறியிருக்கிறது.

அப்புறம் அந்த முட்டைக்கோஸ் இலை. ஒட்டன்சத்திரத்தில் உன் வருங்கால மாமனார் காய்கறி மண்டி வைத்திருப்பது உனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று. லாரி ஏற்றும்போது உரித்துப்போடும் கோஸ் இலையும் பூக்கோஸ் இலையும் மூட்டை மூட்டையாய் வாரத்துக்கு இரண்டு நாள் வேனில் வந்து இறங்கியது. சும்மா வருகிறது என்று காய்ந்த புல்லை நிறுத்திவிட்டு அதையே கொட்டினாய். ஒரு கைப்பிடி கொடுத்தால் அது தீனி. மூட்டையாகக் கொட்டினால் பேதி. பேதி பிடித்தால் பின்புறம் நனையும், நனைந்த இடத்தில் ஈ உட்காரும், ஈ உட்கார்ந்த மறுநாள் புழு. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். தினம் ஒரு தரம் தூக்கித் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். நீ தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நாறுகிறது. உனக்கு நாற்றம் ஆகாது. சின்ன வயசிலிருந்து ஆகாது.

அன்றைக்கு வாயைக் கொப்பளித்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். வெள்ளையம்மா களையை விட்டுவிட்டு வந்தாள். முதலில் செத்ததைப் புதைத்தோம். கூண்டுகளைச் சுற்றிச் சாக்கை நனைத்துக் கட்டினோம். அவள் வீட்டு ஃபிரிட்ஜில் பாட்டில் தண்ணீரை உறையவைத்துக் கொண்டுவந்து கூண்டுக்கு ஒன்றாகப் போட்டோம். அந்த ஜீவன்கள் அதன்மேல் போய் அப்படியே ஒட்டிக்கொண்டு படுத்தன. வளைந்த கத்தரியால் சடையை வெட்டினேன். தோலை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டவேண்டும், இழுத்து வெட்டினால் தோலும் சேர்ந்து வந்துவிடும், அவ்வளவு மெல்லிசு. இடுக்கியால் புழு எடுத்தேன். "அம்புட்டும் இது ஒண்ணு மேலயாக்கா? எப்புடி உசுரோட கெடக்கு?" என்று வெள்ளையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஆடு வளர்க்கிறவள், அவளுக்கே தாங்கவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் சாயங்காலம் வந்து ஊசி போட்டார். என்னைப் பார்த்து, "நீங்க நர்ஸ்னு சொல்றீங்க, இவ்வளவு தூரம் விட்டுட்டீங்களே" என்றார். என் பையனுடையது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என்னுடையது என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். பார்த்தாயா, அப்போதும் உன்னை மறைத்துத்தான் வைத்தேன்.

மூன்றாவது நாள் இலை வேனில் சுகன்யா வந்து இறங்கினாள். உனக்குச் சொல்லாமல் முயலைப் பார்க்க ஆசையாக வந்திருக்கிறாள். பூப்போட்ட பையில் கேரட் கொண்டுவந்திருந்தாள், பாவம். உன் வீடியோவில் கூடையில் பஞ்சுமூட்டை மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதை மடியில் வைத்துக் கொஞ்சலாம் என்று வந்தவள். நான் வாசலிலேயே மறித்தேன். "உள்ள வேணாம்மா, செத்த நேரம் மரத்தடில உக்காரு, நான் கைகழுவிட்டு வாரேன்" என்றேன். அவள் என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருக்கிறாள். "ஏனுங்க அத்தை, எங்கப்பா அனுப்புன எலையினாலயா இப்படி ஆச்சுங்க?" என்று கேட்டாள். இல்லையம்மா, அனுப்பினவர்மேல் ஒரு தப்பும் இல்லை, போட்ட கை பார்க்கவில்லை என்றேன். "நான் புடிச்சுக்கறேனுங்க, நீங்க வெட்டுங்க" என்றாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தமும் மலமும் பார்க்கிற வேலை செய்கிற பெண், பிடித்த பிடியை விடவில்லை. மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் ஐந்து முயலை முடித்தோம்.

ஒரே ஒரு முயலின் முதுகில் மட்டும் ஒரு சாண் இடம் சடை இல்லாமல் நல்ல ரோமமாக இருந்தது. அதை வெட்டித் துணிப்பையில் போட்டேன். விரல் நீளத்துக்கு மேலே, அப்படியொரு மெதுவு, கையில் வைத்திருப்பதே தெரியவில்லை. சுகன்யா சோறு தின்ற பிறகு அதில் ஒரு கொத்து எடுத்துத் தொடையில் வைத்து விளக்குத்திரி திரிப்பது போலத் திரித்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆட்டு ரோமம் கொஞ்சம் கலந்தால்தான் நூலாக நிற்கும் என்று மலைக்காரர் சொன்னதைச் சொன்னேன். "இத்தனை நாள்ல வெட்டுன ரோமமெல்லாம் எங்கீங்க அத்தை?" என்றாள். உரச்சாக்கைக் காட்டினேன். வந்த புதிதில் ஒரே ஒரு தடவை வெட்டி, புழுக்கையோடு அமுக்கித் திணித்து வைத்திருக்கிறாயே, பூச்சி அரித்து, அதுதான். அவள் அதைப் பார்த்தாள், தன் கையில் இருந்த வெள்ளைத் திரியைப் பார்த்தாள். "அப்ப நிச்சயத்துக்கு எனக்குப் போத்துன சால்வை, நம்ம முயலு ரோமம்னு சொன்னாருங்களே?" என்றாள். எனக்குத் தெரியும் அது திருப்பூர்க் கடையில் வாங்கியது. நானும்தானே அன்றைக்கு மேடையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். "இல்லம்மா" என்றேன். அவள் திரியைப் பைக்குள் போட்டுக் கட்டினாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் கேட்டாள். "மாமா படுக்கையில கெடந்தப்ப அவரு வீட்ல இருந்துதானுங்களே வேல செஞ்சாரு? மாமாவ அவரு எத்தன தடவ கழுவி விட்டிருப்பாருங்க?"

தம்பி, இந்தக் கேள்விக்கு ஒரு மாமியார் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அவன்தான் எல்லாம் பார்த்தான், தங்கமான பிள்ளை என்று சொல்லவேண்டும். வாய்வரைக்கும் வந்தது. கையில் அந்த முயலின் மூத்திர நாற்றம் இருந்தது, சோப்புப் போட்டும் போகவில்லை. உன் அப்பா பக்கவாதம் வந்து பதினாலு மாசம் கிடந்துதான் போய்ச்சேர்ந்தார். நீ முன்னறையில் லேப்டாப்போடு இருந்தாய். ஒரு நாள் நான் மருந்து வாங்கப் போன இடத்தில் நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் அவர் இடுப்புக்குக் கீழே நனைந்து, முதுகுப் புண்ணெல்லாம் ஈரமாகி, என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அழுதிருக்கிறார். "அப்பா கூப்ட்டாரும்மா, நீ வந்துருவேன்னு இருந்துட்டேன்" என்றாய், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னைத் திட்டவில்லை. "சரிப்பா, நீ உன் வேலையப் பாரு" என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு அவரைத் துடைத்துவிட்டேன். நாற்றம் உன் பக்கம் வரக்கூடாது என்று ஊதுவத்தி கொளுத்தி வைத்தேன். பிறகு உனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைப் பெருமையாக நினைத்தேன். என் பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் தெரியாமல் வளர்த்தேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லவும் செய்தேன். இப்போது அதை நினைத்தால் உன்மேல் வருவதைவிட என்மேல்தான் அதிகமாகக் குமட்டுகிறது. புருஷன் நனைந்து கிடந்த அறையைவிட மகன் உட்கார்ந்திருந்த அறை மணமாக இருக்கவேண்டும் என்று பார்த்தவள் நான்.

"ஒரு தடவகூட இல்லம்மா" என்றேன் சுகன்யாவிடம். "அவன் உள்ள வரல. நான்தான் வரவிடல."

அவள் துப்பட்டாவை அவிழ்த்து உதறிக்கொண்டே, "அவரா வரணும்னு நெனச்சிருந்தா நீங்க தடுத்திருக்க முடியுமாங்க?" என்றாள். தொட்டியடியில் கையை முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். பஸ் வரும் நேரம் பார்த்துக் கிளம்பினாள். ரோட்டுவரைக்கும் நானும் கூட நடந்தேன். பஸ்ஸைப் பார்த்த பிறகு நின்று, "எனக்கு ஒண்ணுன்னா அவரு பாப்பாருங்களா அத்தை?" என்றாள். "தெரியாதும்மா" என்றேன். சரிங்க என்று ஏறிவிட்டாள். அன்றையிலிருந்துதான் உன் போனை அவள் எடுக்கவில்லை.

அவளிடம் நான் கெஞ்சப்போவதில்லை. அவள் அப்பாவிடம் போய்ச் சமாதானம் பேசப்போவதும் இல்லை. எத்தனையோ தடவை பள்ளிக்கூடத்தில், சொந்தக்காரர் வீட்டில், நீ வேலை பார்த்த இடத்தில்கூட, உன் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தேன். இதைத் துடைக்கமாட்டேன். ஒன்பது முயலும் வெயில் முற்றுவதற்குள் மலைக்குப் போயாகவேண்டும். அந்த மலைக்காரரிடம் பேசிவிட்டேன், காசு வேண்டாம், வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆனால் புண் ஆறாததை ஏற்றமாட்டேன் என்றார், நியாயம்தான். நாலுக்கு இன்னும் ஆறவில்லை. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் உப்புத்தண்ணீரில் துடைத்து, ஈரம் ஒற்றி, மருந்து வைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் செய்கிறேன். அவை என்ன பாவம் செய்தன.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவள் கேட்டதையே எனக்காகக் கேட்டுப் பார்த்தேன். எனக்கு முழங்கால் போய்விட்டது, சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, நாளைக்கு நானும் உன் அப்பா மாதிரி விழுந்தால் நீ பார்ப்பாயா என்று. அவளிடம் தெரியாது என்று சொன்ன வாய்க்கு, எனக்கென்று கேட்கும்போது தெரியாது என்று வரவில்லை. மாட்டாய் என்றுதான் வந்தது. முப்பத்தோரு வயசு மகனை வைத்துக்கொண்டு ஒரு தாய் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற பதிலா இது?

போனில் எனக்கு எதுவும் சொல்லாதே. பார்ப்பேன்மா என்று சொல்லாதே, நான் நம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வராமல் நேராக அகரம் வா. கையுறை வாங்கி வைக்கவில்லை. வெறும் கையால் தூக்கித் திருப்பி, நீயே துடை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். செய்து தரமாட்டேன்.

உன் அம்மா